முடக்கத்தான் மூட்டு வலியைக் குறைக்குமா? சோதனைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் மூட்டு வலி தொழிலோடு சேர்ந்து வருகிற ஒன்று. குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றும் பெண்கள், ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் நின்றபடியே வேலை பார்ப்பவர்கள், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் ஈரத்தில் சுமை தூக்குபவர்கள், ஆரணியில் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்திருப்பவர்கள் என முழங்காலையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவர்கள் இங்கே ஏராளம். அவர்களில் பலருடைய வீட்டு வேலியில் முடக்கத்தான் படர்ந்திருக்கிறது. நான் மருந்தியல் படித்தவள். மூலிகைகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் முகாம்களுக்கு வருபவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எத்தனையோ மூலிகைகள் இருக்க, முடக்கத்தானை ஏன் எடுத்துக்கொண்டீர்கள்?

உணவாகவும் மருந்தாகவும் ஒரே நேரத்தில் புழங்கும் செடி அது. இலையை அரைத்துத் தோசை மாவில் கலக்கிறோம். ரசம் வைக்கிறோம். விளக்கெண்ணெயில் காய்ச்சித் தடவுகிறோம். நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்குகிறோம். இப்போது கேப்சூலாகவும் கிடைக்கிறது. செடி ஒன்றுதான், வடிவம் ஐந்து. ஏதோ ஒன்றைச் சோதித்துவிட்டால் ஐந்துக்கும் அது செல்லும் என்று பலரும் நம்புகிறார்கள். விற்பவர்களும் அப்படியே விளம்பரம் செய்கிறார்கள். எனக்கு இதில்தான் பெரிய வருத்தம். நீங்கள் எதைச் சாப்பிடுகிறீர்களோ, அதை, அதே அளவில், அதே பக்குவத்தில் சோதித்திருக்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றியே இருக்கும்.

தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறோம். ஒன்றும் ஆகவில்லை. பிறகு சோதனை எதற்கு?

முன்னோர் அறிவின் மீது எனக்கு மரியாதை உண்டு. சாப்பிட்ட அன்றே வாந்தியோ மயக்கமோ வந்தால், அந்தச் செடியை அடுத்த தலைமுறை தொடாது. எட்டிக்கொட்டையையும் சேங்கொட்டையையும் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்று சித்த மருத்துவம் வகுத்து வைத்தது இத்தகைய அனுபவத்தால்தான். உடனே தெரியும் கேட்டைப் பாரம்பரியம் நன்றாகவே வடிகட்டியிருக்கிறது.

பத்து, இருபது ஆண்டுகள் கழித்து வரும் கேட்டை எந்தப் பாட்டியாலும் கண்டுபிடிக்க முடியாது. அன்று குடித்த கசாயத்துக்கும் இன்று சுருங்கிப்போன சிறுநீரகத்துக்கும் யார் முடிச்சுப் போடுவார்கள்? ஆடுதின்னாப்பாளையை எடுத்துக்கொள்ளுங்கள். தரிசு நிலத்தில் தானாக முளைக்கும் செடி. பூச்சித் தொல்லைக்கும் விஷக்கடிக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. அந்த இனத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. விசாரித்தபோது, சேர்க்க வேண்டிய மூலிகைக்குப் பதிலாக ஆடுதின்னாப்பாளை இனத்தைச் சேர்ந்த ஒரு சீனச் செடி கலந்துவிட்டது தெரிந்தது. அவர்களில் சிலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இன்று அந்த அமிலத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது.

முடக்கத்தான் அந்தக் குடும்பத்துச் செடி கிடையாது, பூந்திக்கொட்டையின் குடும்பம். ஆகவே பயந்துபோய் வேலியில் இருக்கும் கொடியைப் பிடுங்க வேண்டாம். நெடுநாள் வழக்கம் ஒன்றே பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

சோதனை எங்கே தொடங்குகிறது?

செடியை அடையாளம் காண்பதில். முடக்கத்தான் காய் காற்றடைத்த மாதிரி உப்பியிருக்கும், மூன்று அறை. பிரித்தால் மிளகளவில் கறுப்பு விதை. ஒவ்வொரு விதையிலும் இதய வடிவில் வெள்ளைத் தழும்பு. கொடியாக, காயோடு இருந்தால் யாரும் சொல்லிவிடலாம். அரைத்துப் பொடியாக்கிவிட்டால் எல்லாம் பச்சைதான். அதனால் பூவும் காயும் உள்ள கிளையை உலர்த்தி, அட்டையில் ஒட்டி, பறித்த இடமும் தேதியும் எழுதி, தாவரவியலாளரிடம் சான்று வாங்குவார்கள். கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென் மண்டல மையத்துக்கு இதற்காக மாதிரிகள் போகும். அந்தச் சான்றின் எண் இல்லாத ஆய்வுக் கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

எங்கே பறித்தால் என்ன, இலை இலைதானே?

நம் மாவட்டத்தில் இது மிக முக்கியமான கேள்வி. ஜவ்வாது மலையடியில் அமிர்திக் காட்டோரம் பறித்த இலையும், பாலாற்றங்கரையில் தோல் கழிவுநீர் பாய்ந்த மண்ணில் முளைத்த இலையும் ஒன்றாக இருக்க முடியாது. தோல் பதனிடக் குரோமியம் பயன்படுகிறது. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரையே கெடுத்திருக்கிறது. செடி மண்ணிலிருந்து தண்ணீரோடு வேறு பலவற்றையும் உறிஞ்சும். நெடுஞ்சாலை ஓரத்து இலையில் தூசியோடு ஈயமும் படியலாம்.

நம் நாட்டு மூலிகை மருந்துகளுக்கான தர வரம்புப்படி ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேலும், ஆர்சனிக் 3 பங்குக்கு மேலும், பாதரசம் 1 பங்குக்கு மேலும், காட்மியம் 0.3 பங்குக்கு மேலும் இருக்கக் கூடாது. இந்த நான்கிலும் குரோமியம் கிடையாது. ஆகவே நம் பகுதி இலையைச் சோதிப்பவர்கள் குரோமியத்தையும் தாங்களாகவே சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீட்டுக்குப் பறிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கழிவுநீர்க் கால்வாய்க் கரையிலும் பைபாஸ் சாலை ஓரத்திலும் பறிக்காதீர்கள். தொட்டியில் ஒரு விதை போட்டால் வளர்ந்துவிடும் கொடி இது.

பாதுகாப்பை எப்படிச் சோதிக்கிறார்கள்?

முதலில் ஒரே வேளை அதிக அளவு கொடுத்துப் பார்ப்பது. பல நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. என்ற பொருளாதாரக் கூட்டமைப்பின் 423ஆம் எண் வழிமுறையைத்தான் இங்கே பெரும்பாலான ஆய்வகங்கள் பின்பற்றுகின்றன. இரவு முழுக்கப் பட்டினி போட்ட எலிகளுக்கு, வழக்கமாகப் பெண் எலிகளுக்கு, ஒரு படிக்கு மூன்றாக மருந்தைக் குழாய் வழியே வயிற்றுக்குள் கொடுப்பார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5, 50, 300, 2,000 மில்லிகிராம் என்று படிகள் உண்டு. எந்தப் படியில் தொடங்குவது என்பது முன்பே தெரிந்த தகவலைப் பொறுத்தது. முதல் அரை மணி நேரம் கண் எடுக்காமல் பார்ப்பார்கள். நடை தள்ளாடுகிறதா, உடல் நடுங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா, ரோமம் சிலிர்த்து மூலையில் ஒடுங்குகிறதா என்று குறிப்பார்கள். பிறகு நான்கு மணி நேரம், ஒரு நாள், அப்படியே 14 நாட்கள். எடையும் பார்ப்பார்கள். முடிவில் உள்ளுறுப்புகளைத் திறந்து பார்ப்பார்கள்.

அடுத்தது தினமும் கொடுத்துப் பார்ப்பது: 28 நாள், பிறகு 90 நாள். மூட்டு வலிக்காரர்கள் ஒரு வேளை மருந்தோடு நிறுத்துவதில்லை, மாதக்கணக்கில் சாப்பிடுவார்கள். எனவே எனக்கு இந்தச் சோதனைதான் பெரிது. மூன்று அளவுகளில் ஆண், பெண் எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்து, ரத்தத்தில் கல்லீரல் நொதிகள், யூரியா, கிரியேட்டினின், ரத்த அணுக்கள் ஆகியவற்றை அளப்பார்கள். கல்லீரல், சிறுநீரகத் திசுக்களை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

மரபணுவைக் கெடுக்கிறதா என்பதைப் பாக்டீரியாவை வைத்தே பார்த்துவிடலாம். புரூஸ் ஏம்ஸ் 1970களில் உருவாக்கிய சோதனை அது. மேலே சொன்ன அரிஸ்டோலோகிக் அமிலம் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். பல நூற்றாண்டுப் புழக்கம் காட்டிக்கொடுக்காததைச் சில நாட்களில் ஒரு கண்ணாடித் தட்டு காட்டிக்கொடுக்கிறது. மூலிகை ஆய்வுகளில் அதிகம் விடுபட்டுப்போவதும் இதுதான்.

"2,000 மில்லிகிராம் வரை நஞ்சில்லை" என்று டப்பாவில் போட்டிருக்கிறார்கள். நிம்மதியாகச் சாப்பிடலாமா?

ஒரே வேளை கொடுத்ததில் எலி சாகவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். தினமும் ஒரு வருடம் சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்கு என்ன ஆகும் என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது.

வலி குறைந்ததா என்று எலி எப்படிச் சொல்லும்?

நடத்தையில் சொல்லும். நம்மைப் போலவே அதுவும் சூட்டைத் தொட்டால் காலை இழுத்துக்கொள்ளும்.

பழைய முறை சூடான தகடு. உல்ஃப், மெக்டொனால்டு இருவரும் 1944இல் வெளியிட்டது. தகட்டின் வெப்பம் 55 டிகிரி செல்சியஸ். கை வைத்தால் சுரீரென்று இருக்கும், உடனே கொப்புளம் வராது. சுற்றிலும் கண்ணாடிக் குழாய். சுண்டெலியை உள்ளே விட்டதும் கடிகாரத்தை ஓட விடுகிறோம். முதலில் மூக்கை உயர்த்தி மோப்பம் பிடிக்கும். முன்னங்காலை மாற்றி மாற்றி வைக்கும். அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பின்னங்காலைத் தூக்கி நக்கும் நொடியில், அல்லது துள்ளும் நொடியில், கடிகாரத்தை நிறுத்தி எலியை வெளியே எடுத்துவிடுகிறோம். மருந்து கொடுத்த பிறகு அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்தில் மீண்டும் அளக்கிறோம். நக்கத் தாமதமானால் வலி உணர்வு குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். பதினைந்து நொடி ஆகியும் நக்கவில்லை என்றால் எடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பாதம் வெந்துவிடும். இந்தச் சோதனை மார்பின் போல மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்யும் மருந்துகளை நன்றாகப் பிடிக்கும்.

வயிற்றுக்குள் நீர்த்த அசிட்டிக் அமிலம் செலுத்தி, எலி எத்தனை முறை உடலை முறுக்குகிறது என்று எண்ணுவது இன்னொரு முறை. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் வகை மருந்துகளும் இதில் தெரியும். ஆனால் தூக்கம் வரவழைக்கும் பொருளும் தசையைத் தளர்த்தும் பொருளும்கூட இதில் வலி நிவாரணி மாதிரியே தோற்றம் தரும். எலி அசையாமல் கிடந்தால் வலி இல்லை என்று எப்படிச் சொல்வது? அதனால் சுழலும் தண்டின் மேல் எலியை நிற்க வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டும். தண்டிலிருந்து விழுந்துவிட்டால் அது மயங்கியோ தசை தளர்ந்தோ இருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சரிபார்ப்பு இல்லாத கட்டுரைகள் நிறைய வருகின்றன.

எனக்கு அதிகம் பிடித்தது 1977இல் டூபுய்சன், டென்னிஸ் இருவரும் விவரித்த ஃபார்மலின் சோதனை. பாதத்தில் சிறிதளவு செலுத்தினால் வலி இரண்டு கட்டமாக வரும். முதல் ஐந்து நிமிடம் நரம்பு நேரடியாகத் தூண்டப்படுவதால். நடுவில் கொஞ்சம் ஓய்வு. பிறகு 15ஆம் நிமிடத்திலிருந்து 30ஆம் நிமிடம் வரை அழற்சியால். மார்பின் இரண்டையும் அடக்கும். அழற்சியைக் குறைக்கும் மருந்துகள் முக்கியமாக இரண்டாவதை அடக்கும். ஒரு மூலிகை எந்த வழியாக வேலை செய்கிறது என்று ஒரே சோதனையில் துப்புக் கிடைக்கிறது.

வீக்கத்துக்குத் தனியாகக் கராஜீனன் சோதனை உண்டு: கடற்பாசியிலிருந்து எடுத்த அந்தப் பொருளைப் பாதத்தில் செலுத்தி, பாதம் எவ்வளவு வீங்குகிறது என்று மணிக்கணக்கில் அளப்பது. முடக்கத்தான் இலைச் சாரம் எலிகளில் வீக்கத்தையும் வலியையும் குறைத்ததாகக் காட்டும் ஆய்வுகள் 1970கள், 80களிலிருந்தே இந்தியாவில் வெளிவந்திருக்கின்றன.

இவை எல்லாவற்றிலும் ஒரு நிபந்தனை: எண்ணுகிறவருக்கு எந்த எலி மருந்து சாப்பிட்டது, எது வெறும் தண்ணீர் சாப்பிட்டது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் விரல் தானாகவே கடிகாரத்தைத் தாமதமாக அழுத்தும்.

வாயில்லா ஜீவனை இப்படி வதைக்கலாமா?

நியாயமான கேள்வி, எனக்கும் எளிதான பதில் கிடையாது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் 1998ஆம் ஆண்டு விதிகளும் இந்த வேலையைக் கட்டுப்படுத்துகின்றன. ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். அதில் வெளியாட்களும் உட்காருவார்கள். எத்தனை எலி, ஏன் அத்தனை, வேறு வழி இல்லையா என்று கேட்பார்கள். 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் சொன்ன மூன்று நெறிகள்தான் இன்றும் அடிப்படை: விலங்கு இல்லாமல் முடியுமானால் அப்படிச் செய், முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைக் குறை.

என் நிலை இது. ஏற்கெனவே பல பேர் செய்த சோதனையைப் பட்டத்துக்காக இன்னொரு முறை செய்வது வதைதான். அளவு சரியில்லாமல், சரிபார்ப்பு இல்லாமல் செய்யும் சோதனையில் சாகும் எலி வீணாகவே சாகிறது.

எலிக்கு வலி குறைந்தது. எனக்கும் குறையுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் இலைச் சாரம் கொடுத்துப் பலன் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலிகை ஆய்வுகளில் சாதாரணமாகப் பார்க்கும் அளவுதான். எலியின் உடல் வேகமாக இயங்கும். மருந்தையும் வேகமாக வெளியேற்றும். அதனால் எலி அளவை மனித அளவாக மாற்ற உடல் பரப்பை வைத்து 6.2ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்கு ஏறக்குறைய 64.5 மில்லிகிராம் வருகிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 3.9 கிராம் சாரம்.

சாரம் என்பது இலை இல்லை. நூறு கிராம் உலர்ந்த இலையிலிருந்து பத்துக் கிராம் சாரம் கிடைக்கிறது என்று கொண்டால், 39 கிராம் உலர்ந்த இலை தேவை. பச்சை இலையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்று கொண்டால், ஏறக்குறைய 195 கிராம் பச்சை இலை. தினமும். தோசை மாவில் நாம் கலப்பது ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடி இலையைத் தராசில் வைத்துப் பாருங்கள். நான் சொல்ல வருவது புரியும்.

அளவு இப்படியென்றால், பக்குவம் வேறு. ஆய்வகத்தில் பெரும்பாலும் எத்தனாலிலோ மெத்தனாலிலோ ஊறவைத்துச் சாரம் எடுக்கிறார்கள். சாராயத்தில் கரைவது தண்ணீரில் கரையாமல் போகலாம். எண்ணெயில் இறங்குவது இரண்டிலும் இறங்காமல் போகலாம். ரசத்தில் கொதிக்கும்போது சில பொருட்கள் ஆவியாகும், சில சிதையும். மெத்தனால் சாரத்தில் கிடைத்த வெற்றியை ரசத்துக்குப் பாராட்டாகக் கொடுக்க முடியாது. அதே போல, தோசையாகச் சாப்பிட்டு எந்தக் கெடுதலும் வராத அனுபவத்தைச் செறிவூட்டிய கேப்சூலுக்குப் பாதுகாப்புச் சான்றாகக் காட்டவும் முடியாது. இரண்டாவது தவறுதான் ஆபத்தானது.

அப்படியானால் முடக்கத்தான் தோசை வீண்தானா?

இல்லை. அது நல்ல கீரை, சாப்பிடுங்கள். மலத்தை இளக்கும் குணம் உண்டு என்பதால் முதல் தடவையே நிறையப் போட்டால் வயிறு போகும். கொஞ்சமாக ஆரம்பியுங்கள்.

மனிதர்களிடம் எப்படிச் சோதிப்பார்கள்?

முழங்கால் தேய்மான வலிக்கு ஏற்ற இறக்கம் உண்டு. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புது மருந்தைத் தேடிப் போகிறோம். அடுத்த இரண்டு வாரத்தில் அது எப்படியும் கொஞ்சம் தணியும். அந்தத் தணிவை எந்த மருந்து கையில் இருக்கிறதோ அது தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். நம்பிக்கையோடு சாப்பிடுவதாலும் உண்மையிலேயே வலி குறையும். இந்த இரண்டையும் கழித்தால்தான் மூலிகையின் பங்கு தெரியும்.

அதற்காக நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து, மற்றதற்கு அதே நிறம், அதே வாசனை, அதே கசப்புள்ள வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. பத்து சென்டிமீட்டர் கோட்டில் ஒரு முனை வலியே இல்லை, மறு முனை தாங்க முடியாத வலி. நோயாளி தன் வலியை அதில் குறிப்பார். மாடிப்படி ஏற முடிகிறதா, தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா என்றும் கேட்பார்கள். தாங்க முடியாமல் எத்தனை பாராசிட்டமால் போட்டுக்கொண்டார் என்பதும் ஒரு அளவுகோல். சில சமயம் அதுவே மிக நேர்மையான அளவுகோல். முடக்கத்தான் ஆய்வுகளில் பெரும்பாலானவை எலியோடும் கண்ணாடிக் குடுவையோடும் நின்றுவிடுகின்றன. பீடி சுற்றும் பெண்களையும் ஷூ கம்பெனித் தொழிலாளர்களையும் கொண்டு, அவர்கள் வழக்கமாகக் குடிக்கும் அதே ரசத்தையோ கசாயத்தையோ வைத்து ஒரு முறையான சோதனை நம் மாவட்டத்தில் நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆய்வில் சேரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சேரலாமா?

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆய்வு மருந்தால் உடலுக்குக் கேடு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவார்கள் என்று படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். 2007இல் தொடங்கிய பதிவேடு அது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வலி குறைந்தால் நோயும் குறைந்துவிட்டது என்று பொருளா?

இதற்கு வேலூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1940களின் பிற்பகுதியில் இங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை சிகிச்சையால் சரிசெய்யத் தொடங்கினார். விரல்கள் அழுகி உதிர்வது தொழுநோயின் இயல்பு என்றுதான் அதுவரை பலரும் நினைத்தார்கள். நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியாமல் சூட்டிலும் காயத்திலும் கையைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததே பெரும்பாலான சேதத்துக்குக் காரணம் என்று அவர் காட்டினார். வலி இல்லாத கை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாத கை.

ஆகவே வலியை மட்டும் அடக்கும் மருந்து, தேய்ந்த மூட்டின் மேல் இன்னும் அதிகச் சுமை ஏற்ற வைக்கலாம். நல்ல ஆய்வு வலியோடு வீக்கத்தையும் மூட்டின் அசைவையும் சேர்த்தே அளக்கும்.

எண்ணெயாகத் தடவுவதில் ஆபத்து ஏதும் உண்டா?

குறைவு. முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தடவி ஒரு நாள் விட்டு, அரிப்போ தடிப்போ இல்லை என்றால் தடவலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் சூடான எண்ணெயையும் ஒத்தடத்தையும் தவிர்க்க வேண்டும். சூடு தெரியாமல் வெந்துபோன பாதங்களோடு பலர் வருகிறார்கள்.

ஒரு பொடி வாங்கினேன். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. எது அது?

சந்தேகப்படுங்கள். எந்த இலையும் அவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை. பெயரில்லாப் பொட்டலத்திலும் முகவரியில்லா டப்பாவிலும் விற்கும் "மூலிகை" வலிப் பொடிகளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகளும் டைக்ளோஃபெனாக்கும் கலந்திருப்பது இந்தியாவில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டீராய்டு அழற்சியை அசுர வேகத்தில் அடக்கும். பசி எடுக்கும், உடம்பு தெம்பாக இருக்கும். சில மாதத்தில் முகம் வட்டமாக உப்பும், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஏறும், எலும்பு பொடியும், தோல் காகிதமாகும்.

அதைவிட மோசம், திடீரென்று நிறுத்துவது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் அட்ரீனல் சுரப்பி சோம்பிப்போயிருக்கும். நிறுத்தியதும் ரத்த அழுத்தம் சரிந்து, வாந்தி, மயக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொடியை மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்து இப்போது சந்தேகம் வந்தால், மீதிப் பொடியோடு டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். படிப்படியாகக் குறைப்பது அவர் பொறுப்பு. வெட்கப்பட ஒன்றுமில்லை, ஏமாற்றியது விற்றவர். கலப்படத்தைக் கண்டுபிடிப்பது ஆய்வகத்துக்குச் சிரமமான வேலை இல்லை. மூலிகை ஆய்வு செய்பவர்கள் கடைப் பொடியை வாங்கி முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அரசு உரிமம் பெற்ற சித்த மருந்து என்றால் சோதித்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

முழுதாக இல்லை. 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டத்தின்கீழ், பழைய நூல்களில் உள்ளபடியே செய்யப்படும் மருந்துக்குப் புதிதாகப் பாதுகாப்பு ஆய்வு கேட்பதில்லை. நூல் வழக்கே சான்றாக ஏற்கப்படுகிறது. நச்சுப் பொருள் பட்டியலில் உள்ள சரக்குகளைச் சேர்த்துப் புதிய கலவை செய்தால் ஆய்வு தேவை. உரிமம் இருந்தால் யார் செய்தார்கள் என்றாவது தெரியும். அதுவே பெரிய விஷயம். உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி நான்கும் இல்லாத எதையும் வாங்காதீர்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

கர்ப்பிணிகள் கசாயம், பொடி, கேப்சூல் எதையும் தவிர்ப்பது நல்லது. பிரசவத்துக்குப் பிறகு கருப்பை அழுக்கு வெளியேற அடிவயிற்றில் பூசிய இலை இது என்பதை மறக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் பல மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். "திட்டுவார்" என்று மறைப்பவர்களே அதிகம். ரத்தப் பரிசோதனை முடிவு ஏன் மாறியது என்று தெரியாமல் டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் குறைத்தால் கஷ்டம் உங்களுக்குத்தான்.

சித்த மருந்தால் கோளாறு வந்ததாகத் தோன்றினால், 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். மருந்துகளின் பாதகங்களைப் பதிவு செய்யும் தேசியத் திட்டத்தின் எண் அது.

வீட்டிலேயே எனக்கு நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். ஒரு நோட்டு போதும். தினமும் இரவு படுக்கும் முன், அன்றைய வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் எழுதுங்கள். எத்தனை வலி மாத்திரை போட்டீர்கள், எவ்வளவு நேரம் வேலை பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். இரண்டு வாரம் முடக்கத்தான் இல்லாமல், இரண்டு வாரம் முடக்கத்தானோடு, மறுபடி இல்லாமல், மறுபடி இருந்து. வேறு எதையும் நடுவில் மாற்றாதீர்கள். முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எண் போடக் கூடாது. வலி மாத்திரையின் எண்ணிக்கை இரண்டு முறையும் குறைந்திருந்தால், உங்கள் உடம்புக்கு ஏதோ பலன் இருக்கிறது.

எந்த வலிக்கு மூலிகையை நம்பிக் காத்திருக்கக் கூடாது?

ஒரே மூட்டு திடீரென்று வீங்கி, சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்து, அது ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் முடக்குவாதமா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் மூட்டு அரிக்கப்படுகிறது. இரவில் தூங்க விடாத வலி, காரணமில்லாமல் எடை குறைதல், கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்படாமல் போதல் ஆகியவற்றுக்கும் இதே விதி. குழந்தைக்குத் தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்கு வீக்கம் மாறி மாறிப் போனால் அது இதய வால்வைக் கெடுக்கும் காய்ச்சலாக இருக்கலாம். அந்தக் குழந்தைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.